கடல் போட்ட கொசுறு

படகு கரையை விட்டு நகர்ந்து, பின்னால் படகுத்துறை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியதும், ஆபீசரம்மா தன் கணவரை நோக்கி முதல் தூண்டிலைப் போட்டாள்.

"கடல் எப்படிங்க இருக்கு?"

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், தொப்பியைச் சற்றுத் தூக்கிவிட்டுக்கொண்டு யோசித்தும் பார்த்தார்.

"ஈரமா இருக்கு," என்றார்.

அன்றைக்குக் கடல் இருந்த இருப்பென்ன! தன்னிடம் இருந்த நீலம் போதாமல் வானத்திடம் கைமாற்று வாங்கிப் பூசிக்கொண்டு, காலை வெயிலில் ஊரிலுள்ள அத்தனை கண்ணாடிக் கடைகளையும் உடைத்துக் கொட்டியது போல மின்னிக்கொண்டிருந்தது. பறக்கும் மீன்கள் கூட்டமாய் எழும்பி, பயணச்சீட்டு வாங்காமல் படகைத் தாண்டிப் போயின. அப்படிப்பட்ட கடலைப் பார்த்து ஈரமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்! அதுவும் இந்த மனிதனுக்கு!

இந்த மனிதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உலகத்தில் புளுகுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே தொல்லைதான்: கேட்கிறவன் குறுக்கே பேசிவிடுவான். பல் டாக்டருக்கு மட்டும் வேலைக் காலம் முழுவதும் அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. அவருடைய கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் நாற்காலியில் மல்லாந்து, வாயைக் குகை போலத் திறந்து, உள்ளே பஞ்சும் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயுமாகக் கிடந்தவர்கள். 'ஆ' என்பதைத் தவிர வேறு மறுமொழி சொல்ல வழியில்லை. அந்த 'ஆ'வை அவர் ஆச்சரியம் என்றே எடுத்துக்கொண்டார். உற்சாகம் பிறந்தது. ஒரு பல்லை அடைத்து முடிப்பதற்குள் ஒரு சாம்ராஜ்யமே எழுந்து விழும். வலி மறக்க ஊசி தேவையில்லை, டாக்டர் வாயைத் திறந்தால் போதும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

ஆபீசரம்மாவோ எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைகடையாய்ப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற வேலை. அவள் தெருமுனையில் திரும்பினாலே தராசு முட்கள் தாமாக நடுவுக்கு வந்து கைகட்டி நிற்கும் என்பார் டாக்டர். அதில் முக்கால் பங்கு உண்மை. வேலையை விட்டு வந்த பிறகும் அவள் கைப்பையில் ஒரு இரும்பு டேப் இருந்தது. கட்டில் வாங்கினாலும் அளப்பாள், கேக் வாங்கினாலும் அளப்பாள்.

இந்த இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுவிட்ட பெரியவர்களுக்கு என்ன நகைச்சுவை உணர்ச்சியோ! ஆனால் முடிச்சு நன்றாகவே விழுந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உருவாயிற்று. டாக்டர் சாப்பாட்டு மேசையில் ஒரு கதையை அவிழ்ப்பார். கதை முடிந்ததும் எல்லாத் தலைகளும் ஆபீசரம்மா பக்கம் திரும்பும். அவள் கையிலிருப்பதை மென்று விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். "அரை" என்றால் கதையில் பாதி உண்மை. "கால்" என்றால் கால்வாசி. "அரைக்கால்" என்றால் அதிலும் பாதி. ரொம்பவும் எல்லை மீறினால் "மாகாணி", அதாவது பதினாறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே அவள் போனதில்லை. டாக்டரும் வருத்தப்பட்டதில்லை. மாகாணி வாங்கிய நாளில்தான் இன்னும் ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

எல்லாம் சிங்கத்தால் கெட்டது.

சர்க்கஸ் சிங்கத்துக்குக் கடவாய்ப்பல் பிடுங்கிய கதை டாக்டரின் கதைகளிலேயே மகுடம். சிங்கம் நாற்காலியில் வந்து உட்காரும், கண்ணில் நீர் மல்கும், பல் வந்ததும் கையை நக்கிவிட்டுப் போகும். உண்மையில் வந்தது சிங்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். சிங்கம் வெளியே வண்டிக் கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஆபீசரம்மா அந்தக் காலத்திலேயே "கால்" போட்டு முடித்த கதை. ஆனால் பேத்தி அதைக் கேட்டபோது அவள் பக்கத்தில் இல்லை. பொடிசு முழுக் கதையையும் அப்படியே சுமந்துகொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்பின் முன்னால் நின்று சொல்ல, வகுப்பே சிரித்து உருண்டது. "பொய்யி, பொய்யி" என்று ஒரு பட்டப்பெயரும் கூடவே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுத அழுகையில் தலையணை நனைந்தது. (மெத்தையும் நனைந்தது என்று பழைய டாக்டராக இருந்தால் சொல்லியிருப்பார்.)

அன்றோடு டாக்டர் நாக்குக்குப் பத்தியம் வைத்தார். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. வெயில் என்றால் வெயில், மழை என்றால் மழை. "காப்பி எப்படி இருக்கு?" என்றால் "சூடா இருக்கு." "டாக்டரைப் பாக்க யாரு வந்தா?" என்றால் "ஒரு ஆள்." சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பழக்கதோஷத்தில் தலைகள் அவ்வப்போது ஆபீசரம்மா பக்கம் திரும்பும். தீர்ப்புச் சொல்ல அவளிடம் வழக்கு ஒன்றும் இருக்காது. இத்தனை காலம் "உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்" என்று தலையில் அடித்துக்கொண்டவள் அவள்தான். வேண்டியது கிடைத்ததும்தான் தெரிந்தது, வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று. இப்படியே போனால் மனிதர் உள்ளதை மட்டும் சொல்லிச் சொல்லியே வற்றிப் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் இந்தத் தீவு. சின்ன விஷயங்களுக்கு அசைய மாட்டேன் என்கிறவரை எதையாவது பெரிதாகக் காட்டித்தான் அசைக்க வேண்டும். கோடை விடுமுறை, யாரும் குடியிருக்காத தீவு, பறவை உண்டு, ஆமை உண்டு, மூன்று பக்கம் மூன்று விதமான கடற்கரை உண்டு. காலையில் இறக்கிவிட்டு மாலையில் வந்து ஏற்றிக்கொள்வதாகப் படகுக்காரர் சொல்லியிருந்தார். ரொட்டி, அவித்த முட்டை, மாம்பழம், தண்ணீர், விரிப்பு எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு அவள் புறப்பட்டாள். தன் உத்தியோகக் காலத்தில் எந்தக் கடைக்குச் சோதனை போடக் கிளம்பியபோதும் இவ்வளவு திட்டம் போட்டதில்லை. புருஷனை ஒரு பொய்யாவது சொல்ல வைக்காமல் கரையேறுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

முதல் கடற்கரை வெள்ளை மணல். அவர்கள் காலை வைத்ததும் கரையே எழுந்து ஓடியது. அத்தனையும் நண்டு. சிவப்பு நண்டுகள். ஒரு கொடுக்கைக் கொடி போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஊர்வலம் கலைந்த கூட்டம் போல நாலா திசையும் சிதறின. நின்றால் திரும்பி வந்தன. அசைந்தால் மறைந்தன. டாக்டருடைய நிழல் விழுந்த இடத்தில் ஒன்று மட்டும் ஓடாமல் நின்று, கொடுக்கை ஆட்டி அவரைச் சண்டைக்கு இழுத்தது.

"என்னங்க, பாத்தீங்களா? ஒரு பட்டாளமே இருக்கும் போலருக்கே!" என்றாள் ஆபீசரம்மா. பட்டாளம் என்ற சொல்லை அவள் வாழ்நாளில் எதற்கும் பயன்படுத்தியதில்லை.

"நண்டு," என்றார் டாக்டர்.

"இந்த ஒண்ணு உங்களையே முறைக்குது."

"அதுக்குக் கண்ணு அப்படித்தான் இருக்கும். காம்பு மேல."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லைக் கடிக்கக் கூடாது, தேய்ந்துவிடும் என்றார் டாக்டர்.

விரிப்பை நிழலில் போட்டு, பையை வைத்துவிட்டு, இருவரும் காலை நனைக்கப் போனார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. காலடியில் போன மீன்களின் முதுகுப் புள்ளிகளை எண்ணலாம், நின்று பேச்சுக் கொடுத்தால் பதில்கூடச் சொல்லும் போலிருந்தது. ஆபீசரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு அலையைக் காட்டி, "அடேயப்பா, பனை உசரம்!" என்றாள். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "முட்டி உசரம்," என்றார். வீட்டிலுள்ள யாராவது இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், இரண்டு பேரும் வெயிலில் மூளையை மாற்றிக்கொண்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். நிழலில் கிடந்த பை நடந்துகொண்டிருந்தது.

உடும்பு. நீளம் என்றால் ஒரு சோபா நீளம். பையின் வாரைக் கவ்விக்கொண்டு, கல்யாண வீட்டுச் சமையல்காரர் அண்டாவை இழுப்பது போல இடுப்பை ஆட்டி ஆட்டி இழுத்துப் போனது. டாக்டர் "ஏய்! ஏய்!" என்று ஓடினார். வாரின் மறுமுனையைப் பிடித்தார். பிடித்தால் விடாதது உடும்புப் பிடி என்று பழமொழி சொன்னவர்கள் இவருடைய பிடியைப் பார்த்ததில்லை. ஈறை விட்டு வர மறுத்த எத்தனை கடவாய்ப்பற்களை இழுத்த கை! இவர் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். நடுவில் பை கிழிந்து முட்டைகள் உருண்டன. உடும்பு நியாயஸ்தன் போல வாரை விட்டுவிட்டு, ஒரு முட்டையை எடுத்து அப்படியே முழுசாக உள்ளே தள்ளியது. இன்னொன்று. மற்றொன்று. பிறகு நாக்கை நீட்டி டாக்டரின் செருப்பை ருசி பார்த்துவிட்டு, கை கழுவப் போகிறவரைப் போல நிதானமாகப் புதருக்குள் போயிற்று.

டாக்டர் மூச்சிரைக்க மணலில் உட்கார்ந்திருந்தார். தொப்பி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். ஆபீசரம்மா அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். இதற்குக்கூட அசையாவிட்டால் வேறு எதற்கு?

"சொல்லுங்க," என்றாள். "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

டாக்டரின் உதடு துடித்தது. கன்னத்தில் அந்தப் பழைய குழி விழப் பார்த்தது. கைகள் இரண்டும் மெல்ல அகலத் தொடங்கின. ஆபீசரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கைகள் பாதி வழியில் நின்றன. அவர் அவற்றைக் கீழே இறக்கி, மணலைத் தட்டிக்கொண்டார்.

"உடும்பு முட்டையைத் தின்னுடுச்சு," என்றார். பிறகு தொழில் மரியாதைக்காக, "பல் வரிசை நல்லா இருக்கு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ரொட்டியும் மாம்பழமும் மிஞ்சியிருந்தன. அவற்றைப் புதருக்கு எட்டாத தூரத்தில், இரண்டாவது கரையான ஆமைக் கரையில் உட்கார்ந்து தின்றார்கள். அங்கே போகிற வழியில் ஆலாக்கள் அவர்களை வரவேற்றன. மணலில் முட்டையிட்டிருந்த அந்த வெள்ளைப் பறவைகளுக்கு டாக்டரின் தொப்பி பிடிக்கவில்லை. தொப்பி என்றால் சாதாரணத் தொப்பியில்லை, அதன் நிழலில் ஒரு நிச்சயதார்த்தமே நடத்தலாம். ஒவ்வொன்றாக மேலேயிருந்து கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்து, குறி தவறாமல் எச்சமிட்டுவிட்டுப் போயின. கரையைச் சேர்ந்தபோது தொப்பியின் நிறமே மாறியிருந்தது. ஆபீசரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். சிரிப்பதில் மட்டும் அவர் பத்தியம் இருக்கவில்லை.

ஆமைக் கரையில் ஆமை இல்லை, அதன் தடம் இருந்தது. இரவில் ஏறி வந்து முட்டையிட்டுத் திரும்பிய தடம், கடலிலிருந்து மேட்டுக்கும் மேட்டிலிருந்து கடலுக்குமாக, யாரோ சின்ன டிராக்டர் ஓட்டிப் பழகியது போல. ஆபீசரம்மா வழக்கப்படி இரும்பு டேப்பை இழுத்துத் தடத்தின் குறுக்கே வைத்தாள். டாக்டர் மறுமுனையைப் பிடித்தார். அளந்து முடித்த பிறகும் அவர் முனையை விடவில்லை.

"அவ அழுதது கூடப் பரவால்ல," என்றார் திடீரென்று. "புள்ளைங்க அழும், அடங்கும். அழுது முடிச்சிட்டு மடியில ஏறி உக்காந்து கேட்டா பாரு, 'தாத்தா, நீங்க சொன்னதுல எதெல்லாம் நெஜம்?'னு. எனக்கு டக்குனு பதில் வரல."

"வெக்கமா இருந்துச்சா?"

"வெக்கம் இல்ல. எனக்கே தெரியல. சொல்லிச் சொல்லி எது நடந்தது, எது நான் போட்டதுன்னு எனக்கே மறந்து போச்சு. உன்கிட்ட கேட்டாத்தான் தெரியும்னு இருந்துச்சு. நீ அன்னிக்குப் பக்கத்துல இல்ல."

ஆபீசரம்மாவுக்கு டேப்பைச் சுருட்ட மனம் வரவில்லை. இத்தனை காலம் அவருடைய கதைகளை வெட்டிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவரோ, வெட்டிய துண்டுகளில் உண்மையானதை அவள் பத்திரமாக எடுத்து வைப்பாள் என்ற தைரியத்தில் அல்லவா மிச்சத்தை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்!

"அதுக்காக ஒரேயடியா ஊமையாயிடணுமா?" என்றாள் கடைசியில்.

"ஊமை இல்லையே. இப்பக்கூட பேசிட்டுத்தான இருக்கேன்."

"கடல் ஈரமா இருக்குன்னு சொல்றதெல்லாம் ஒரு பேச்சா?"

"ஏன், காஞ்சா இருக்கு?"

அவள் டேப்பின் கூட்டை வெடுக்கென்று விட்டாள். அது சரேலென்று ஓடிப்போய் அவர் விரலில் சுளீரென்று தட்டியது. "ஆ!" என்றார். "இப்ப ஆச்சரியமா, வலியா?" என்று கேட்டுவிட்டு, டேப்பை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள்.

மூன்றாவது கரை மணல் இல்லாத கரை. கறுத்த பாறைகள் அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் ஆழமான பச்சைத் தண்ணீர். காற்று அடங்கிவிட்டிருந்தது. நீர்க்காகங்கள் துணி உலர்த்துவது போல இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. வெயில் சாய ஆரம்பித்த வேளை. ஆபீசரம்மா பாறை மேல் உட்கார்ந்து, தன் திட்டம் தோற்றதை ஒப்புக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பாறை இடுக்கில் ஒரு நண்டைக் கண்டுபிடித்துவிட்டார். செத்துப்போன சங்கின் ஓட்டை வீடாக முதுகில் சுமந்து திரிகிற வகை. அது சின்ன ஓட்டை விட்டுப் பெரிய ஓட்டுக்குக் குடிமாறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தலைகீழாகக் கிடந்த நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கடல் திறந்தது.

சத்தமே இல்லாமல் தண்ணீர் ஒரு இடத்தில் வீங்கி எழுந்தது. வீக்கம் உடைந்து, கறுப்பாக ஒன்று மேலே வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் சிறகு விரிந்தது. வீட்டுக் கூரை ஒன்று கோபித்துக்கொண்டு கிளம்பியது போல, முழுசாகத் தண்ணீரை விட்டு எழும்பி, வெயிலில் வயிறு பளீரென்று வெளுக்க, காற்றில் நின்றது. நின்றது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சிறகு நுனிகளிலிருந்து நீர் மணிமாலையாக ஒழுகியது. தலையின் இருபுறமும் கொம்பு போல இரண்டு மடல். திருக்கை. யானைத் திருக்கை என்று படத்தில் பார்த்தது. படத்தில் அது தபால் தலை அளவு. பாறையில் இருந்த நீர்க்காகங்கள் ஒன்றுகூடப் பறக்கவில்லை, அவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. பிறகு அது சாய்ந்தது. விழுந்தது. குகைக் கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். பாறையில் மோதிச் சிதறிய தண்ணீர் டாக்டரின் முதுகை நனைத்தது.

"என்ன சத்தம்?" டாக்டர் நிமிர்ந்து திரும்பினார். தண்ணீரில் வளையம் வளையமாக அலை மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். ஆபீசரம்மா எழுந்து நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. கடைசிக் கடவாய்ப்பல் வரைக்கும் தெரிந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் தவிக்கிற முகங்களை ஆயிரம் ஆயிரமாகப் பார்த்த மனிதர் அவர். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"ஆ," என்றாள் அவள்.

அவர் பாறை தாவி வந்து அவளைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்தாள். கையால் கடலைக் காட்டினாள். "திருக்கை," என்றாள். "மேல வந்துச்சு. முழுசா. வெளியில."

"எவ்ளோ பெருசு?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கை தானாகக் கைப்பைக்குள் போய் இரும்பு டேப்பைத் தொட்டுவிட்டு வெளியே வந்தது. "அளக்கலையே," என்றாள். அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லு."

"ஒரு... கட்டில் அளவு இருக்கும்." சொன்னதுமே தலையை ஆட்டினாள். "இல்ல. ரெட்டைக் கட்டில். இல்லைங்க. அது இல்ல."

டாக்டர் கடலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் மட்டும் கொஞ்சம் முன்னால் நிமிர்ந்திருந்தால்! படகு வரும் நேரம்வரை இரண்டு பேரும் அந்தப் பாறையை விட்டு நகரவில்லை. கடல் மறுபடி திறக்கவில்லை. குடிமாறிய நண்டு புது வீட்டோடு அவர்கள் காலடியில் நடந்து போயிற்று.

படகுக்காரர் வந்ததும் ஆபீசரம்மா ஏறி உட்கார்ந்த கையோடு அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "இந்தப் பக்கம் அதெல்லாம் வராதேம்மா. வந்தாலும் ஒரு போர்வை அளவு இருக்கும். வெயில் ஜாஸ்தி இன்னிக்கு, தண்ணி நெறைய குடிங்க."

போர்வை! ஆபீசரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவள் வாழ்க்கையில் சொன்ன எதையும் யாரும் குறைத்து வாங்கியதில்லை. அவள் சொன்னால் அது சொன்ன எடை. இன்றைக்கு முதல் தடவையாகத் தன் கண்ணால் பார்த்த ஒன்றை ஒரு ஆள் போர்வையாக மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார். அதைவிடக் கேவலம், அவளே கட்டில் என்று சொன்னாளே! கட்டில் என்று சொன்னபோது நாக்கு கூசியதே! கூட்டிச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து குறைத்துச் சொன்னாள். குறைத்து நிறுப்பதும் கள்ள எடைதானே? எத்தனை கடைக்காரர்களை அதற்காக எழுப்பி நிற்க வைத்திருக்கிறாள்! அந்தத் தராசுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எடை குறைந்தால் குற்றம். ஆனால் சரியாக நிறுத்துக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார்களே, கொசுறு? அதற்காக அவள் யாரையும் பிடித்ததே இல்லை. எந்த ஊர்ச் சட்டத்திலும் கொசுறுக்குத் தண்டனை கிடையாது. கொசுறு போடுகிற கடையில்தான் கூட்டம் அலைமோதும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் எச்சத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களால் அதன் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டு, கரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

படகுத்துறையில் மகளும் பேத்தியும் காத்திருந்தார்கள். ஊரின் கூரைகளுக்கு மேலே சூரியன் மிகவும் தாழ்ந்து, மரப்பலகை மேடை முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது. கயிறு கட்டுவதற்குள் பேத்தி ஓடி வந்துவிட்டாள்.

"என்ன பாத்தீங்க? என்ன பாத்தீங்க?"

கேள்வி டாக்டரை நோக்கித்தான். ஆனால் அவர் பதில் சொல்லுமுன் ஆபீசரம்மா பலகை மேல் காலை வைத்து, பையைக் கீழே போட்டுவிட்டு, "நான் ஒண்ணு பாத்தேன்டி," என்றாள். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். அம்மா தானாக ஒரு கதையை ஆரம்பித்து அவள் கேட்டதில்லை. "திருக்கை. கடலுக்குள்ளேருந்து எந்திரிச்சு வந்துச்சு. அப்படியே பறந்துச்சு."

"எவ்ளோ பெருசு, பாட்டி?"

ஆபீசரம்மா இரண்டு கைகளையும் விரித்தாள். எட்டும் மட்டும் விரித்தாள். தோள் வலிக்க விரித்தாள். போதவில்லை. விரல் நுனிகளை மாறி மாறிப் பார்த்தாள். அங்கேயே நின்றுபோன தன் கைகளைப் பார்த்து அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

பேத்தி பாட்டியைப் பார்த்தாள். வழக்கப்படி தீர்ப்புக் கேட்க வேண்டும். தீர்ப்புச் சொல்கிறவரே கதை சொன்னால் யாரைக் கேட்பது? சற்று யோசித்துவிட்டு அவள் தலை டாக்டர் பக்கம் திரும்பியது. மகளின் தலையும் திரும்பியது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு படகுக்காரரும் பார்த்தார்.

"தாத்தா, சொல்லுங்க. அரையா, காலா? நெஜமா, கதையா?"

டாக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பேத்தியின் உயரத்துக்குக் குனிந்தார்.

"நான் கண்ணால பாக்கல," என்றார். "நான் அப்ப ஒரு நண்டைப் பாத்துட்டிருந்தேன். சத்தம் மட்டும்தான் கேட்டேன். முதுகு நனைஞ்சுச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச நெஜம்." பேத்தியின் முகம் மெல்லத் தளர்ந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்க பாட்டி இருக்காளே, அவ எதையும் குறைச்சுத்தான் சொல்லுவா."

ஆபீசரம்மாவின் கைகள் விரிந்தபடியே இருந்தன.

"அந்தச் சத்தம் எப்படிப்பட்ட சத்தம் தெரியுமா?" டாக்டரின் கன்னத்தில் அந்தக் குழி விழுந்தேவிட்டது. "என் கடவாய்ப்பல் ரெண்டு அப்பவே ஆடிப்போச்சு. தீவு ஒரு முழம் தள்ளி உக்காந்துச்சு. அந்த உடும்பு இருக்கே, தின்ன முட்டையெல்லாம் பயத்துல திருப்பிக் குடுத்துட்டு, 'சார் மன்னிச்சிடுங்க'ன்னு..."

"தாத்தா, இது கதை!" பேத்தி கைகொட்டினாள்.

"இது கதை இல்ல. கொசுறு," என்றாள் ஆபீசரம்மா. "எடை நான் போட்டாச்சு. மேல போடுறவரைத் தடுக்காத."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பலகைகள் கிறீச்சிட நடந்து வந்து, அவளுடைய வலது விரல் நுனியைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, தன் வலக்கையை நீட்டினார்.

"இவ்ளோ?"

"இன்னும்," என்றாள்.

"இவ்ளோ?"

"இன்னும் தள்ளுங்க."

அவர் விளிம்பை நோக்கி ஒரு அடி வைத்தார். படகுக்காரர் "பாத்து சார், பாத்து," என்றார். பேத்தி ஓடிப்போய்ப் பாட்டியின் இடது கை விரலைப் பிடித்துக்கொண்டு, தன் சின்னக் கையையும் நீட்டினாள். மூன்று பேரும் மேடையை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். அவர்களைவிடப் பெரிய புளுகனான மாலைச் சூரியன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அவர்கள் நிழலை இழுத்து, இன்னும் இழுத்து, பலகைகளைத் தாண்டி, கட்டியிருந்த படகைத் தாண்டிக் கடல் மேல் போட்டது. அலை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த நிழல், நிதானமாக, சிறகடித்துக்கொண்டிருந்தது.